செல்சி கேலரிகளுக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நியூயார்க்குக்கோ நியூஜெர்சிக்கோ புதிதாக வந்திருக்கிறீர்கள். சமகால ஓவியம், சிற்பம் பார்க்க ஆசை. மியூசியம் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அப்படியானால் செல்சிக்குப் போங்கள். மன்ஹாட்டனின் மேற்கு ஓரத்தில், 10ஆவது அவென்யூவுக்கும் 11ஆவது அவென்யூவுக்கும் நடுவில், 18ஆம் தெருவிலிருந்து 28ஆம் தெரு வரை, கலைப் படைப்புகளைக் காட்டி விற்கும் கேலரிகள் நெருக்கமாக இருக்கின்றன. உலகமெங்கும் பேசப்படும் கலைஞர்களின் புத்தம்புதிய வேலைகள் மியூசியத்துக்குப் போகும் முன் இங்கேதான் சுவரேறுகின்றன. உள்ளே போகக் காசு இல்லை, டிக்கெட் இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை.

ஆனால் எந்த நாள் திறந்திருக்கும், கதவைத் தட்ட வேண்டுமா, சுவரில் ஏன் ஓவியரின் பெயர்கூட இல்லை, விலை கேட்கலாமா என்று யாரும் எங்கேயும் எழுதி ஒட்டி வைப்பதில்லை. பழகியவர்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரியும். புதியவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நான் அலைந்து அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம்.

1. நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

செவ்வாய் முதல் சனி வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை. செல்சியின் பெரும்பாலான கேலரிகளுக்கு இதுதான் நேரம். ஞாயிறும் திங்களும் பூட்டு. நம் வீடுகளில் எல்லோரும் சேர்ந்து வெளியே கிளம்புவது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஞாயிறன்று போனால் இழுத்து மூடிய ஷட்டர்களைத்தான் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

கோடையில் இந்தக் கணக்கு மாறிவிடும். ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம் வரை, பல கேலரிகள் திங்கள் முதல் வெள்ளி வரைதான் திறக்கும். சனிக்கிழமை கிடையாது. ஆகஸ்ட் பிற்பாதியில் பல இடங்கள் அடியோடு மூடிவிடும். டிசம்பர் கடைசி வாரமும் அப்படியே. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவது பெரும்பாலும் கோடையில்தான். அவர்களை அழைத்துப்போவதாக இருந்தால் ஜூலை முடிவதற்குள், ஒரு வார நாளில் போய்விடுங்கள்.

பலரும் ஏமாறும் இன்னொரு இடம், இரண்டு கண்காட்சிகளுக்கு நடுவில் வரும் இடைவெளி. ஒரு கண்காட்சி நாலு முதல் ஆறு வாரம் நடக்கும். முடிந்ததும் படங்களை இறக்கி, சுவரின் ஆணித் துளைகளை அடைத்து, வெள்ளையடித்து, அடுத்ததை மாட்ட ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் கதவு பூட்டியிருக்கும், கண்ணாடிக்குப் பின்னால் தாள் ஒட்டியிருக்கும். பல கேலரிகள் ஒரே சமயத்தில் கண்காட்சியை மாற்றுவதால் தெருவே காலியாகத் தோன்றும் வாரங்களும் உண்டு.

போகச் சிறந்த காலம் எது என்று கேட்டால், செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை என்பேன். விடுமுறை முடிந்து திறக்கும் கேலரிகள் தங்கள் வலுவான கண்காட்சிகளை அப்போதுதான் வைக்கும். அடுத்தது மே மாதம். ஹட்சன் யார்ட்ஸில் உள்ள ‘தி ஷெட்’ கட்டடத்தில் ஃப்ரீஸ் கலைச் சந்தை அப்போது நடக்கும். அதற்கு வரும் வெளியூர் வாங்குபவர்களுக்காகக் கேலரிகளும் நல்லதை எடுத்து வைத்திருக்கும். சந்தையின் டிக்கெட் விலை அதிகம். புதியவர்கள் அதை விட்டுவிட்டு, அதே வாரத்தில் கேலரிகளை இலவசமாகப் பார்த்துவிட்டு வரலாம்.

2. முந்தின நாள் இரவே பட்டியல் போடுங்கள்

பார்க்க நினைக்கும் கேலரியின் இணையதளத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: இப்போது ஓடும் கண்காட்சி எந்தத் தேதி வரை, எந்த முகவரியில், முன்பதிவு வேண்டுமா. முகவரிதான் இதில் முக்கியம். பெரிய கேலரிகளுக்கு இதே ஊரில் இரண்டு மூன்று இடங்கள் இருக்கும். ககோசியனுக்குச் செல்சிக்குள்ளேயே 24ஆம் தெருவிலும் 21ஆம் தெருவிலும் இடங்கள் உண்டு. அதோடு சமீப வருடங்களில் பல கேலரிகள் செல்சியை விட்டு, மன்ஹாட்டனின் தெற்கேயுள்ள டிரைபெக்கா பக்கம் குடிபெயர்ந்துவிட்டன. பழைய பட்டியலை நம்பிப் போனால் வேறு பெயர்ப்பலகைதான் வரவேற்கும்.

‘சீ சா’ என்ற இலவச ஆப்பில் கண்காட்சிகளைப் பகுதிவாரியாகத் தேர்ந்தெடுத்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு நாளுக்கு எட்டு கேலரி போதும், பத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். இலவசம் என்பதற்காக எல்லாவற்றிலும் நுழைந்து வந்தால் சாயங்காலம் ஒரு படமும் நினைவில் நிற்காது.

3. போகும் வழியும் ஆகும் செலவும்

சப்வேயில் சி, ஈ ரயில்களில் 23ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். அது 8ஆவது அவென்யூ. அங்கிருந்து மேற்கே, அதாவது ஆற்றைப் பார்த்து, 9, 10 என்று இரண்டு அவென்யூக்கள் நடக்க வேண்டும். வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும். அவென்யூக்களுக்கு நடுவிலுள்ள தூரம் தெருக்களுக்கு நடுவிலுள்ளதைப்போல மூன்று மடங்கு. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். வடக்கேயிருந்து தொடங்க விரும்பினால் 7 ரயிலின் கடைசி நிலையமான 34ஆம் தெரு ஹட்சன் யார்ட்ஸ் வசதி.

நியூஜெர்சியிலிருந்து வருகிறவர்கள் பாத் ரயிலில் 23ஆம் தெருவுக்கு வரலாம். அந்த நிலையம் 6ஆவது அவென்யூவில் இருப்பதால் நடை இன்னும் நீளும். அங்கே மேற்கு நோக்கிப் போகும் எம்23 பஸ் பிடித்துக்கொள்ளுங்கள். இது எந்தக் கதவு வழியாகவும் ஏறக்கூடிய பஸ். ஓட்டுநர் உங்களைக் கவனிக்கவே மாட்டார். ஆனாலும் கார்டைத் தட்டாமல் உட்கார்ந்தால் பரிசோதகர் வரும்போது அபராதம் கட்ட வேண்டியிருக்கும். பென் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் நடந்தே வந்துவிடலாம்.

சப்வே, பஸ் கட்டணம் 2026 ஜனவரி முதல் 3 டாலர். உங்கள் பேங்க் கார்டையோ போனையோ நேரடியாகத் தட்டினால் போதும். ஆக, நியூயார்க் நகருக்குள் போகவர 6 டாலர், ஒரு காபி, அவ்வளவுதான் செலவு. காரில் வராதீர்கள். பார்க்கிங்குக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல கலைப் புத்தகம் வாங்கலாம்.

கழிப்பறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேலரிகளில் பார்வையாளர்களுக்குக் கழிப்பறை பெரும்பாலும் கிடையாது. 15, 16ஆம் தெருக்களுக்கு நடுவிலுள்ள செல்சி மார்க்கெட்டிலும், ஹை லைன் மேம்பாலப் பூங்காவின் 16ஆம் தெரு பகுதியிலும் உண்டு. குழந்தைகளோடு வருகிறவர்கள் அங்கே போய்விட்டுத் தொடங்குங்கள். குளிர்காலத்தில் ஹட்சன் ஆற்றுக் காற்று இந்தத் தெருக்களில் நேராக வந்து அறையும். காதை மூடும் குல்லா இல்லாமல் வராதீர்கள்.

4. எந்தத் தெருவில் தொடங்குவது

முதல்முறைக்கு 24ஆம் தெருவில் தொடங்கித் தெற்கே இறங்குங்கள். 24ஆம் தெருவில் எண் 555 ககோசியன். அதே தெருவில் லூரிங் அகஸ்டின், கிளாட்ஸ்டன், லிசன். ககோசியனின் கூடம் லாரியே உள்ளே வரக்கூடிய அளவு பெரியது. பல டன் எடையுள்ள சிற்பங்களை இங்கே சுற்றி நடந்து பார்க்கலாம்.

22ஆம் தெருவுக்குத் திரும்பியதும் கொஞ்சம் நிதானியுங்கள். நடைபாதை மரங்களைக் கவனித்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுமார் நாலடி உயரத்தில் பட்டை தீட்டாத ஒரு பசால்ட் கல்தூண் நட்டிருக்கும். பலர் அதை வண்டி மோதாமல் இருக்கப் போட்ட கல் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அது ஜெர்மானியக் கலைஞர் யோசெஃப் பாய்ஸின் ‘7000 ஓக் மரங்கள்’ என்ற படைப்பின் பகுதி. 1982இல் ஜெர்மனியின் காசல் நகரத்தில் மரத்துக்கு ஒரு கல் என்று அவர் தொடங்கி வைத்ததை, டியா என்ற கலை அறக்கட்டளை 1988லும் 1996லும் இந்தத் தெருவில் தொடர்ந்தது. மரம் வளர்கிறது, கல் அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு வருடம் இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் கூடுகிறது. இலவசமாக, இருபத்துநாலு மணி நேரமும், பூட்டே இல்லாமல் பார்க்கக்கூடிய உலகத்தரமான படைப்பு இது. என்னைக் கேட்டால் செல்சியில் முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

அதே தெருவில் எண் 537 டியா செல்சி. இது விற்பனைக் கேலரி இல்லை, அறக்கட்டளை, அனுமதி இலவசம். திறக்கும் நேரம் கேலரிகளைவிடக் குறைவு, மதியம்தான் திறக்கிறார்கள், தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எண் 542 ஹவுசர் அண்ட் விர்த். அப்புறம் 21ஆம் தெருவில் பவுலா கூப்பர், 20, 19ஆம் தெருக்களில் டேவிட் ஸ்விர்னர். இத்தோடு ஒரு நாள் நிறைந்துவிடும்.

இரண்டாம் முறை வடக்குப் பக்கம். 25ஆம் தெருவில் பேஸ் கேலரியின் எட்டு மாடிக் கட்டடம். பிறகு 26ஆம் தெரு 526, 27ஆம் தெரு 547 போன்ற பழைய கட்டடங்கள். மாடிக்கு மாடி சின்னச் சின்னக் கேலரிகள். தரைத்தளத்திலுள்ள பெரிய பெயர்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தவறவிடுவது இவற்றைத்தான். லிஃப்டில் மேல்மாடிக்குப் போய், படியில் ஒவ்வொரு மாடியாக இறங்கி வாருங்கள். 11ஆவது அவென்யூவில் எண் 231இல் உள்ள பிரின்டட் மேட்டர், கலைஞர்களே உருவாக்கும் புத்தகங்களுக்கான கடை. கையில் சில டாலர் மட்டும் இருந்தாலும் ஏதாவது ஒன்று வாங்கி வர முடியும்.

நம் ஊர்க் கலைஞர்களைத் தேடுகிறவர்கள் செல்சிக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். கிழக்கு 16ஆம் தெருவிலுள்ள தல்வார் கேலரி, திருநெல்வேலியில் பிறந்து சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஆல்வார் பாலசுப்பிரமணியத்தின் சிற்பங்களை நியூயார்க்கில் காட்டிவந்த இடம்.

5. கதவைத் தள்ளுங்கள்

கேலரிக் கதவுகள் திறந்திருப்பதுபோலத் தெரியாது. பால்நிறக் கண்ணாடி, மெலிதாக ஒரு பெயர், உள்ளே ஆள் நடமாட்டம் இல்லை. நேரம் சரியாக இருந்தால் தயங்காமல் தள்ளுங்கள். சில இடங்களில் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்ததும் ஒரு உயரமான மேசை இருக்கும். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் நெற்றியும் கம்ப்யூட்டர் திரையின் விளிம்பும்தான் தெரியும். அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார், வரவேற்கமாட்டார். இதைப் பார்த்துவிட்டு ‘நாம் வரக்கூடாத இடம்போலிருக்கிறது’ என்று திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் நிறமோ உடையோ அதற்குக் காரணம் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். பார்க்கிறவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் இங்கே மரியாதை. ஒரு ஹலோ சொல்லிவிட்டு உள்ளே நடங்கள். கேட்டால் நன்றாகவே பதில் சொல்வார்கள். அவர்களில் பலர் கலை வரலாறு படித்துவிட்டு வந்தவர்கள்.

6. இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

சுவரில் விவரம் இருக்காது. அந்த விவரம் மேசைமேல் இரண்டு தாள்களில் இருக்கிறது. ஒன்று பிரஸ் ரிலீஸ்: கலைஞர் யார், இந்த வேலைகள் எதைப் பற்றி என்று ஒன்றிரண்டு பக்கம். இன்னொன்று செக்லிஸ்ட்: கூடத்தின் வரைபடமும் ஒவ்வொரு படைப்பின் எண்ணும். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்: தலைப்பு, 2023, லினன் துணியில் எண்ணெய் வண்ணம், 72 x 60 அங்குலம், 182.9 x 152.4 செ.மீ. இப்போது பல இடங்களில் தாளுக்குப் பதில் க்யூஆர் கோடு வைத்திருக்கிறார்கள். அங்கும் ‘செக்லிஸ்ட் கிடைக்குமா’ என்று கேட்டால் அச்சிட்டதைத் தருவார்கள்.

பிரஸ் ரிலீஸின் மொழி கடினமாக இருக்கும். அதை முதலில் படிக்காதீர்கள். கூடத்தை ஒருமுறை சும்மா சுற்றுங்கள், கால் தானாக நின்ற ஒரு படைப்பின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள், பிறகு செக்லிஸ்டில் அது எதனால் செய்யப்பட்டது என்று பாருங்கள். ஓவியம் என்று நினைத்தது தையலாக இருக்கும், கல் என்று நினைத்தது மெழுகாக இருக்கும். அதன் பிறகு பிரஸ் ரிலீஸைப் படித்தால் பாதியாவது பிடிபடும்.

7. உள்ளே கவனிக்க வேண்டியவை

முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது படத்தில் இடிப்பது பைதான். சுவரை மட்டும் பார்த்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள். தரையிலும் படைப்பு இருக்கும், சில சமயம் தரையோடு தரையாக. போட்டோ எடுக்கப் பெரும்பாலும் தடையில்லை, ஃபிளாஷ் கூடாது. வீடியோப் படைப்புகளைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். குழந்தைகளை அழைத்து வரலாம், கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

8. வியாழன் மாலை

புதிய கண்காட்சிகளின் திறப்பு பெரும்பாலும் வியாழக்கிழமை மாலை 6 முதல் 8 வரை. அழைப்பிதழ் தேவையில்லை. கலைஞரே வந்திருப்பார், நேரில் பேசலாம். ஒயின் கொடுத்தால் 21 வயது நிரம்பியதற்கு அடையாள அட்டை கேட்கலாம். எட்டு மணிக்கு மேல் நடக்கும் விருந்து மட்டும் அழைக்கப்பட்டவர்களுக்கானது. தொழிலாளர் தினத்துக்கு அடுத்த வியாழனன்று பல கேலரிகள் ஒரே நேரத்தில் திறக்கும், தெருவே திருவிழாவாக இருக்கும். ஆனால் படங்களை உருப்படியாகப் பார்க்க முடியாது. மனிதர்களைப் பார்க்க வியாழன், படங்களைப் பார்க்கப் புதன் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. விலை கேட்கலாம்

கட்டாயம் கேட்கலாம். விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளின் விலையைத் தெரியப்படுத்த வேண்டும் என்பது நியூயார்க் நகர நுகர்வோர் விதி. அது கேலரிகளுக்கும் பொருந்தும். ‘பிரைஸ் லிஸ்ட் பார்க்கலாமா’ என்று கேளுங்கள். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தலைப்புக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் விற்றாயிற்று. 18/50 என்று எழுதியிருந்தால் ஐம்பது பிரதிகளில் பதினெட்டாவது. பிரிண்ட், போட்டோ போன்றவை இப்படி வரும், ஒற்றை ஓவியத்தைவிட மலிவாக இருக்கும்.

10. வாங்குவதாக இருந்தால்

ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். வேறு யாருக்கும் விற்காமல் இரண்டு மூன்று நாள் ‘ஹோல்ட்’ வைக்கச் சொல்லலாம், காசு கேட்கமாட்டார்கள். பத்து சதவீதம் வரை தள்ளுபடி கேட்பது வழக்கத்தில் உள்ளதுதான், மரியாதையாகக் கேளுங்கள். சொல்லும் விலையோடு நகரில் 8.875 சதவீத விற்பனை வரி சேரும் என்பதை மறக்காதீர்கள். 2,000 டாலர் பிரிண்ட் என்றால் வரி மட்டும் 177.50. நியூஜெர்சி வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் அந்த மாநிலத்தின் 6.625 சதவீதம், கேலரி அதை வசூலிக்காவிட்டால் நீங்களே வருமான வரிப் படிவத்தில் பயன்பாட்டு வரியாகக் கட்ட வேண்டும். படத்துக்கு ஃபிரேம் போடுவதும் அனுப்புவதும் தனிச் செலவு; அது எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்டு ரசீதோடு வெளியே வந்துவிடாதீர்கள். இன்வாய்ஸில் கலைஞர் பெயர், தலைப்பு, வருடம், எதனால் செய்தது, அளவு, பிரதி எண் எல்லாம் இருக்க வேண்டும். பிரிண்ட், போட்டோ, வீடியோ என்றால் அசல் என்பதற்கான சான்றிதழும் தனியாக வேண்டும். பின்னாளில் விற்கவோ, காப்பீடு செய்யவோ, ஊருக்கு எடுத்துப்போகும்போது சுங்கத்தில் காட்டவோ இவைதான் கைகொடுக்கும்.

11. நீங்களே வரைகிறவர் என்றால்

படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு கேலரி கேலரியாக ஏறி இறங்காதீர்கள். அப்படி வருவதைப் பார்ப்பதில்லை என்று பெரும்பாலான கேலரிகள் தளத்திலேயே எழுதியிருக்கின்றன. கண்காட்சிகளுக்குத் தொடர்ந்து போவது, திறப்புகளில் மற்ற கலைஞர்களோடு பழகுவது, லாப நோக்கற்ற அமைப்புகளின் பொது அழைப்புகளுக்கு விண்ணப்பிப்பது என்று மெதுவாகத்தான் வழி திறக்கும்.

‘உங்கள் படங்களைச் செல்சியில் காட்டுகிறோம், சுவருக்கு இவ்வளவு கட்டுங்கள்’ என்று மின்னஞ்சல் வந்தால் உஷாராகுங்கள். முறையான கேலரி கலைஞரிடம் காசு வாங்காது. விற்றால் கிடைப்பதில் பங்கு எடுத்துக்கொள்ளும், பாதிக்குப் பாதி என்பது வழக்கம். காசு வாங்கிக்கொண்டு மாட்டும் இடத்துக்கு வாங்குபவர்களும் விமர்சகர்களும் வருவது அரிது. உறுப்பினர்கள் சந்தா கட்டித் தாங்களே நடத்தும் கூட்டுறவுக் கேலரிகள் வேறு ரகம். அங்கே கணக்கு வெளிப்படையாக இருக்கும், உறுப்பினராகும் முன் மற்ற உறுப்பினர்களிடம் பேசிப் பாருங்கள்.

எந்த இடமானாலும் படத்தை ஒப்படைக்கும்போது கன்சைன்மென்ட் ஒப்பந்தத்தை, அதாவது விற்றுத்தருவதற்கான ஒப்பந்தத்தை, எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் படம், என்ன விலை, யாருக்கு எத்தனை சதவீதம், விற்றபின் எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு, எப்போது திருப்பித் தருவார்கள். விற்பனைக்காகக் கலைஞர் ஒப்படைத்த படைப்பும் அதை விற்றுவந்த பணத்தில் அவர் பங்கும் கேலரியிடம் நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவை என்று நியூயார்க் மாநிலச் சட்டம் சொல்கிறது. கேலரி மூடிப்போனாலும் அதற்குக் கடன் கொடுத்தவர்கள் உங்கள் படத்தில் கைவைக்க முடியாது. ஆனால் எந்தப் படம் உங்களுடையது என்று காட்ட, அந்த ஒப்பந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.